வீட்டுக்கு ஒருவர்

அந்த வருடம் அண்ணை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சண்டை. சோறு ஆற முதலே தொடங்கிவிடும். காணிச் சண்டை, சீதனச் சண்டை என்றாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும். நாங்கள் இரண்டு வெள்ளைக்காரருக்காகப் பிடுங்குப்பட்டோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் அண்ணை, அண்ணையின் மனைவியான மச்சாள், நான் மூன்று பேரும் இருந்தோம். தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. அதற்கு முதல் எங்கள் தொகுதிக்கு ஆரை நிறுத்துவது என்று ஒரு கட்சி தன்னுடைய உறுப்பினர்களிடமே வாக்குக் கேட்டது. கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் வயதான லோயர். மற்றவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நேர்ஸ், தொழிற்சங்கத்தில் பெரிய குரல். எங்கள் வீட்டில் அவர்களுக்குப் பெயரே இல்லை. லோயர், நேர்ஸ், அவ்வளவுதான்.

இந்த வாக்குக்குக் குடியுரிமை தேவையில்லை, தொகுதியில் இருந்துகொண்டு கட்சியில் சேர்ந்தால் காணும் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்றே முழுதாகத் தெரியாத எனக்கு ஒரு வாக்கு. கட்சி அட்டை தபாலில் வந்தது. என் பெயரில் மூன்று எழுத்துப் பிழை. இருந்தாலும் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

என்னை அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் லாண்டிங் பேப்பர், அதாவது நிரந்தரமாக இருக்கலாம் என்கிற கடதாசி, வரவில்லை. அது வந்தால்தான் என் கணவரையும் மகளையும் கூப்பிடலாம். அவர்கள் இருவரும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். மகளை இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தவள் நான். நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. பொலிஸ் வந்து லொட்ஜைச் சுற்றி வளைப்பதும் ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போவதும் அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. ஒருமுறை அவரையும் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அந்த இரண்டு நாளும் பிள்ளை பக்கத்து அறைச் சனத்தோடு இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரிய வந்தது ஒரு கிழமை கழித்து. அதற்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தால் மூன்று நாலு தடவை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன்.

ஆகவே நான் நேர்ஸ் பக்கம். காத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் பேப்பர் கொடுக்க வேண்டும், இந்தச் சட்டத்தைத் திருத்தக் கூடாது, கிழித்துப் போட வேண்டும் என்று அவர் மேடையில் சொன்னபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. லோயரோ, சட்டத்துக்குள் நின்றுதான் செய்யலாம், ஒவ்வொரு பைலாகத்தான் தள்ளலாம் என்பார். எங்கள் கட்டடத்தில் நாலைந்து பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அலுவலும் பார்த்தவர். அண்ணை அவருடைய ஆள்.

"புரட்சி எண்டு சொன்னவையை ஒருக்கா நம்பினது காணும், பிள்ளை. அதாலதான் இஞ்ச வந்து பனிக்குள்ள நிக்கிறம்."

"ஆறுதலாச் செய்வம் எண்டு சொன்னவையை நம்பி இருந்ததாலதான் அவையே வந்தவை, அண்ணை."

இப்படியே போகும். அண்ணைக்குக் காது சிவக்கும். நான் வாய்க்காரி, விடமாட்டேன். மச்சாள் மட்டும், ஆர் வென்றாலும் சட்டி பானை கழுவுறது தான்தான் என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போவார். வெளியில் நான் அப்படிக் கத்தினாலும் உள்ளுக்குள் பயம்தான். நேர்ஸ் தோற்றால் என் பைல் எந்தக் கட்டின் அடியில் எத்தனை வருடம் கிடக்கப் போகிறதோ என்கிற பயம்.

அந்தப் பயத்தில்தான் வலியப் போய்த் தலையைக் கொடுத்தேன். ஊரில் நான் இங்கிலிஷ் படிப்பித்தவள். மற்றவர்களின் மொழிபெயர்ப்பில் சிவப்புப் பேனையால் சுழித்துச் சுழித்துக் காட்டுகிற ஆள். நேர்ஸின் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் எழுதுகிறேன் என்றேன். பாண் பக்டரியில் இரவு வேலை முடித்துக் காலையில் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், குசினி மேசையில் இருந்து எழுதினேன். கீழே நேர்ஸின் ஆள் காரை நிறுத்திவிட்டு நின்றான். தமிழில் அடிக்க அவர்களிடம் வசதி இல்லாததால் என் கையெழுத்தையே போட்டோக் கொப்பி எடுப்பதாக ஏற்பாடு. வடிவாக எழுதினேன். என் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இங்கிலிஷில் இருந்தது சாதாரண விஷயம். எங்கள் மூவ்மெண்டில் சேருங்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது உறுப்பினராகுங்கள், எங்கள் தொண்டர்கள் கதவைத் தட்டும்போது திறந்து பேசுங்கள். நான் எழுதியது இது:

எங்கள் இயக்கத்தில் சேருங்கள். வீட்டுக்கு ஒருவர் முன்வாருங்கள். எங்கள் ஆட்கள் வந்து கதவைத் தட்டும்போது திறவுங்கள்.

அதற்குக் கீழே, தமிழில் தொடர்புகொள்ள என்று அண்ணை வீட்டுத் தொலைபேசி இலக்கம். நேர்ஸின் படமும் கட்சியின் பெயரும் இங்கிலிஷ் பக்கத்தில் இருந்தன. மறுபக்கத்தில்தானே இருக்கிறது, திரும்பவும் எதற்கு என்று தமிழ்ப் பக்கத்தில் விட்டுவிட்டேன். சொல்லுக்குச் சொல் சரி. அகராதியைத் திறந்து காட்டினாலும் சரி. மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

இரண்டு நாளில் எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் தமிழ்ப் பெயர் இருந்த எல்லாக் கதவுகளுக்குக் கீழாலும் அதைத் தள்ளிவிட்டிருந்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் முதல் அழைப்பு வந்தது. ஒரு அம்மா. குரல் இறங்கி இறங்கிப் போனது. முதலில் என்னை ஆரென்று கேட்டார், பிறகு கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்டே ஒண்டுதான். அதுக்கும் இப்பதான் பதின்மூண்டு. கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ."

எனக்கு விளங்கவில்லை. உறுப்பினராகப் பதினாலு வயது முடிந்திருக்க வேண்டும் என்று கட்சிக்காரர் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பதின்மூன்று என்றால் இப்ப தேவையில்லை அம்மா, அடுத்த வருஷம் பார்ப்பம் என்றேன். மறுபக்கத்தில் போனை வைக்கிற சத்தம் கேட்டது. எத்தனை வருடமானாலும் அந்த 'அடுத்த வருஷம்' என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்தடுத்து வந்த அழைப்புகளும் அதே மாதிரி. ஒருவர் தனக்கு நெஞ்சு வருத்தம் என்றார். இன்னொருவர் தன் தம்பி ஏற்கனவே போய்த் திரும்பி வராதவன், தங்கள் வீட்டுக் கணக்கு முடிந்துவிட்டது என்றார். லிப்டில் ஐந்தாம் மாடி அன்ரி என்னைக் கண்டதும், தன்னுடைய மாடி வர முதலே மகளை இழுத்துக்கொண்டு இறங்கினார். சனம் என்ன கோதாரிக்கு இப்படிக் கதைக்குது என்று மச்சாளிடம் சலித்துக்கொண்டேன்.

அண்ணை வேலையால் வந்து, சோபாவில் இருந்து, அந்தக் கடதாசியை எடுத்து வாசித்தார். ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார்.

"உது என்ன எழுதி வச்சிருக்கிறாய்?"

நான் வாங்கிப் பார்த்தேன். அப்போதுதான் அதை ஒரு தமிழ்ச் சனமாக முதல்முறை வாசித்தேன். எழுதும்போது இங்கிலிஷுக்குப் பக்கத்தில் வைத்து எழுதினேன். இப்போது பக்கத்தில் இங்கிலிஷ் இல்லை. இயக்கம். வீட்டுக்கு ஒருவர். கதவைத் தட்டும்போது திறவுங்கள். எங்கள் ஊரில் இயக்கம் என்றால் ஒன்றுதான், துவக்கோடு வந்து சண்டைக்குப் பிள்ளை கேட்கிறது. எந்த இயக்கம் என்றுகூட ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அந்த மூன்று வரியையும் கேட்கக் கூடாது என்றுதானே பாதிச் சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து வந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணை ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கு ஏதாவது வந்திருக்கும். அவர் மெதுவாக ஒன்று கேட்டார்: இது உன்ர கையெழுத்து எண்டு ஆருக்கெல்லாம் தெரியும்? அப்போதுதான் மற்றப் பயம் வந்தது. சனத்தின் பயம் வேறு, என்னுடைய பயம் வேறு. இந்தக் கடதாசி குடிவரவுக் கந்தோரில் ஒருவர் கையில் கிடைத்து, அவர் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால்? அந்த ஆள் இதை இங்கிலிஷில் எப்படிச் சொல்லும்? நான் இங்கே இருந்துகொண்டு ஆள் சேர்க்கிறேன் என்று என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பைலை மூட அதுவே காணும். பைல் மூடினால் லொட்ஜ் அறையில் இருக்கிற இரண்டு பேருக்கும் வழி மூடியது.

அன்றைக்கே நானும் மச்சாளும் மாடி மாடியாக இறங்கினோம். உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒட்டியிருந்ததைக் கிழித்தோம். குப்பைத் தொட்டிகளுக்குள் கை விட்டுப் பொறுக்கினோம். சில கதவுகளைத் தட்டிப் பிழையைச் சொல்லிக் கடதாசியைத் திருப்பிக் கேட்கலாம் என்று பார்த்தால் ஒருவரும் திறக்கவில்லை. உள்ளே டி.வி. சத்தம் கேட்கும். நாங்கள் தட்டியதும் நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பது எனக்குத் தெரியும். நானும் ஊரில் அப்படி நின்றவள்தான். இப்போது வெளியே நிற்கிறது நான். மச்சாள் என் கையைப் பிடித்து, வாங்கோ போவம், தட்டத் தட்டத்தான் சனம் இன்னும் பயப்படும் என்றார்.

அதே கிழமை குடிவரவிலிருந்து கடிதம். நேர்முகத்துக்கு வரட்டாம், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பாராம். மூன்றரை வருடம் அசையாத பைல் அந்தக் கிழமை அசைகிறது. தற்செயல் என்று அண்ணை சொன்னார். அவருடைய முகத்தில் அது இல்லை. வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பிள்ளையார் முன்னால் நின்று, சட்டம் கிழிபட வேணும் என்றெல்லாம் கேட்கவில்லை. அந்தக் கடதாசி ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று மட்டும் கேட்டேன்.

கோயிலால் வருகிற வழியில் காருக்குள் அண்ணை லோயரின் கதையை எடுத்தார். அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தால் பைலோடு சேர்த்துக் கொடுக்கலாம். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். அண்ணை இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

லோயரின் கந்தோர் பல் வைத்தியர் ஒருவருக்கு மேல் மாடியில். துண்டுப் பிரசுரம் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. நேர்முகம் வருகிறது, பயமாக இருக்கிறது என்று மட்டும் அண்ணை சொன்னார். அந்த மனிசன் எழும்பி எனக்குத் தண்ணீர் வார்த்துத் தந்துவிட்டு, மகளின் பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டு எழுதினார். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், கடுமையாக உழைக்கிறவர், குடும்பத்தைப் பிரிந்திருக்கிறார் என்று அரைப் பக்கக் கடிதம். நான் எதிர்ப் பக்கத்து ஆள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், கூட்டங்களில் என்னைக் கண்டிருக்கிறார். ஆனாலும் வாக்கைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். விலை பேசுகிறார் என்று கோபப்பட்டு நேர்ஸுக்கே போட்டிருப்பேன்.

வாக்குப் போட்டது ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். இரண்டு பேரும் பேசினார்கள். நேர்ஸ், இன்னும் எத்தனை வருடம் பொறுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது நான் கை தட்டவில்லை, பக்கத்தில் அண்ணை இருந்தார். வாக்குச் சீட்டை மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோனேன். பென்சில் ஒரு நூலில் கட்டித் தொங்கியது. சீட்டில் ஏதாவது இலக்கம் இருக்குமோ, பிறகு பார்த்து ஆர் ஆருக்குப் போட்டது என்று கண்டுபிடிப்பார்களோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கடதாசி. ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. இருந்தும் லோயரின் பெயருக்கு எதிரேதான் புள்ளடி போட்டேன். அவர் செய்வது சரி என்று நம்பி இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

நேர்ஸ் தோற்றார். அவர் பக்கம் என்று முதலே பெயர் பதிந்து அட்டை வாங்கிய எங்கள் கட்டடத்துச் சனத்தில் அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. அவர்கள் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அவ்வளவு சின்ன வித்தியாசம்.

நேர்முகம் இருபது நிமிடம். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் மொழிபெயர்ப்புக்கு ஓர் அன்ரி, பூப்போட்ட சட்டை, நல்ல யாழ்ப்பாணத் தமிழ். எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்று சொன்னேன், இருந்தாலும் ஒழுங்கு அதுதான் என்றார்கள். எந்த அமைப்பிலாவது, மூவ்மெண்டிலாவது உறுப்பினராக இருந்தீர்களா என்று அதிகாரி கேட்டார். அன்ரி அதைத் தமிழில் கேட்டார்.

"ஏதும் இயக்கத்தில இருந்தனீங்களோ?"

அந்தச் சொல்லை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் எழுதினது போலவே. இல்லை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மடியில் இருந்த கைப்பைக்குள் மூன்று எழுத்துப் பிழையோடு கட்சி அட்டை கிடந்தது. அதிகாரி ஏதோ எழுதி, முடிவு தபாலில் வரும் என்றார். பேப்பர் வந்ததும், அவர்கள் இருவரும் விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அன்றைக்கு பஸ் தரிப்பில் நின்று, தபால் வர எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கினேன்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம், கதவில் தட்டு. மச்சாள் கதவு ஓட்டையால் பார்த்துவிட்டு, நேர்ஸ் என்று வாயை மட்டும் அசைத்தார். நான் தலையை ஆட்டுவதற்குள் திறந்துவிட்டார்.

தோற்ற ஆள் மாதிரி இல்லை. கடையில் வாங்கிய கேக் ஒன்றோடு, உதவி செய்த எல்லோருக்கும் நன்றி சொல்லப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். சோபாவில் இருந்து, கோட்டுப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார். நாங்கள் கிழித்தும் பொறுக்கியும் தப்பிய ஒன்று. தன் சொற்களை வேறொரு மொழியில் எழுதி இதுவரை ஒருவரும் தந்ததில்லையாம், எழுத்து அவ்வளவு அழகாம், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறாராம். கேட்க எப்படியிருக்கும் என்று தெரியாது, ஒருமுறை வாசித்துக் காட்டு என்றார்.

என் கையெழுத்து என்னைப் பார்த்தது. கடதாசியை இரண்டு கையாலும் பிடித்தேன். குசினியில் மச்சாள் கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் வாசித்தேன்.

"எங்களோட சேர்ந்து நில்லுங்கோ. விரும்பினவை மட்டும் வாங்கோ. எங்கட ஆக்கள் வந்தால் பயப்பிடாதேங்கோ."

அந்தக் கடதாசியில் இதில் ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதியிருக்க வேண்டியதை அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நேர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல வடிவான மொழி என்றார். பிறகு கண்ணைத் திறந்து, அப்படியென்றால் உங்களுடைய ஆட்கள் ஏன் வரவில்லை, நான் பிழையாக ஏதாவது சொல்லிவிட்டேனா, எனக்கு உண்மையைச் சொல் என்றார்.

சொல்லியிருக்கலாம். அவர் சிரித்தும் இருப்பார், அழுதும் இருப்பார். ஆனால் அவர் எதையும் வாய்க்குள் வைத்திருக்கிற ஆள் இல்லை. நாளைக்கே ஒரு மேடையில் ஏறிச் சொல்லுவார், ஒரு பேப்பர்காரன் எழுதுவான். என் தபால் இன்னும் வரவில்லை.

நான் வகுப்பில் பேசுகிற நல்ல இங்கிலிஷில் சொன்னேன். உங்களில் ஒரு பிழையும் இல்லை, எங்களுடைய ஆட்களே அப்படித்தான், எதையும் ஆறுதலாகத்தான் செய்வோம், எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் விளங்குகிறது என்று தலையாட்டி, கடதாசியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

அந்தக் கிழமைதான் மகளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது.